நின்று போகக்கூடிய வீதி

எமது பிரதேசத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. நாம் நடந்து செல்லும் வழியும் பாதைதான். ஆட்களையும் சைக்கிள்களையும் நெல்மூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கின்ற மிதவையும் பாதைதான். "பாதை இன்னும் வரல்ல" என்று துறையடியில் நிற்பவர் சொன்னால் வெளியூரவர்களுக்கு விளங்காது. "றோட்டு எப்படி வரும்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்த எமக்கு, வழி என்பது பல காலம் காத்திருக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது. துறையில் பாதைக்காகக் காத்திருந்தோம். சோதனைச்சாவடியில் காத்திருந்தோம். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று வீதியைப் பார்த்துக் காத்திருந்தோம். எம்மில் பலர் இன்னும் காத்திருக்கிறோம்.

அந்த வீதியைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கும், அங்கிருந்து வாழைச்சேனை, வாகரை ஊடாக வெருகலுக்கும் செல்கின்ற எங்கள் கரையோர வீதி. வேலை நிமித்தம் வாரத்தில் பல நாட்கள் பஸ்ஸில் இவ்வழியால் போய் வருகிறேன். போகும் இடத்தையே நினைத்துக்கொண்டு போவதால் போகும் வழியை நாம் பார்ப்பதில்லை. அண்மையில் ஒரு நாள், வழியைப் பார்ப்பதற்காகவே ஆங்காங்கே இறங்கி, நின்று, பேசி வந்தேன்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே

கொழும்பில் புறப்படும் ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று சுற்றிவந்து ஏறக்குறைய 430 கிலோமீற்றரில் மட்டக்களப்பில் முடிகிறது. அங்கிருந்து ஏ15 வீதி திருகோணமலைக்குச் செல்கிறது. கல்முனையைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றரையில் ஊரோடு ஊர் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. பஸ் நடத்துநர் மூச்சுவிடாமல் சொல்லும் பெயர்களே ஒரு பாட்டுப்போல இருக்கும்: கல்லாறு, களுவாஞ்சிகுடி, களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி.

சூரியன் எழும் இந்தக் கரை எழுவான்கரை. சூரியன் படும் அந்தக் கரை படுவான்கரை. நெல்லும் பாலும் தயிரும் அந்தக் கரையில். கச்சேரியும் ஆஸ்பத்திரியும் பெரிய கடைகளும் இந்தக் கரையில். ஆகவே எந்தக் கரையில் பிறந்தவளாக இருந்தாலும் வாழ்க்கையில் ஒரு முறையாவது இந்த வீதிக்கு வந்தே தீரவேண்டும்.

ஒவ்வொரு ஊரும் தன் கையில் உள்ளதை வீதியோரம் வைத்திருக்கிறது. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும். களுதாவளையில் வெற்றிலை. காத்தான்குடியில் புடவைக் கடைகள், வீதி நடுவே வரிசையாக ஈச்சமரங்கள். அதன்பின் வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம். வெள்ளைக்கார ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரில் 1924இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் அது. 2013இல் ஜப்பானிய உதவியுடன் அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. நிலாக் காலத்தில் மீன் பாடுவதைக் கேட்க நம் முன்னோர் தோணியில் போன இடமும் இதுதான்.

எழுதப்படாத புத்தகம்

இதே வீதிக்கு இன்னொரு கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் வெற்றிலையையும் ஈச்சமரத்தையும் மட்டும் சொன்னால் அது சுற்றுலாக் கையேடு ஆகிவிடும்.

1990ஆம் ஆண்டு யூலை மாதம் இவ்வீதியால் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்துவிட்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் திகதி, நகருக்கு வடக்கே சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் இராணுவ முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் அடக்கம். சத்துருக்கொண்டானில் நினைவுத்தூபி இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன. இரண்டு இடங்களையும் கடக்கும்போது பஸ்ஸில் இருக்கும் யாரோ ஒரு பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் எந்த ஊர்க்காரி என்று நான் கேட்பதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவுடன் பஸ்ஸில் போவேன். சோதனைச்சாவடி வந்தால் எல்லோரும் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, அப்பால் போய் மீண்டும் ஏறவேண்டும். அம்மா அடையாள அட்டையைச் சட்டைக்குள் வைத்திருப்பார். "தண்ணி விடாய்ச்சாலும் இடையில இறங்கிக் கேக்காத புள்ள, வீட்ட போய்க் குடிக்கலாம்" என்பார். எந்தச் சந்தியில் இறங்கலாம், எந்த ஊரில் இறங்கக்கூடாது, எத்தனை மணிக்குப் பிறகு எந்தத் துண்டால் போகக்கூடாது என்பது முழுவதும் அவருக்கு மனப்பாடம். எல்லாத் தாய்மாரிடமும் அப்படி ஒரு எழுதப்படாத புத்தகம் இருந்தது. முஸ்லிம் தாய்மாரிடமும் இருந்தது. பக்கங்கள்தான் வேறு.

செங்கலடியில் பதுளை வீதி பிரியும் இடத்துக்கு அருகே உள்ள கறுத்தப் பாலமும் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம். 2007வரை அதற்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்சி, அந்தப் பக்கம் இன்னொரு ஆட்சி. கரடியனாற்றுப் பெண் தன் நெல்லையும் தயிரையும் சந்தைக்குக் கொண்டுவர இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லவேண்டி இருந்தது. பின்னர் 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வெருகல், கதிரவெளி, வாகரைப் பக்கத்து மக்கள் பிள்ளைகளையும் முதியவர்களையும் சுமந்துகொண்டு தெற்கே வந்தார்கள். பலர் காட்டு வழியாலும் கடல் வழியாலும் வந்தார்கள். கிரான், சித்தாண்டிப் பக்கங்களில் வீதியோரக் கூடாரங்களே அவர்களின் வீடாயின. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலர் அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்று வீதியில் இருப்பவர்கள்

யுத்தத்தின் பின் வீதி அகலமாகி, 'கார்பட்' போடப்பட்டது. சாவடிகள் அகன்றன. இன்று வீதியோரம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றே என் கண்ணுக்குப் படுகிறது. கிரான்குளத்துக்கு அருகில் அவித்த சோளன் விற்கும் ஒரு அக்காவிடம் இறங்கினேன். கணவர் 1990களில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை.

"முந்தி றோட்டு பள்ளமும் திட்டியுமாக் கிடந்திச்சு மிஸ். வாகனம் மெல்லத்தான் வரும். ஆவி பறக்கிற பானையக் கண்டா நிப்பாட்டுவாங்க. இப்ப கார்பட் போட்ட பிறகு, கண்டு முடிக்கிறதுக்குள்ள அங்கால போயிருவாங்க" என்றார். அதனால் அவர் தன் அடுப்பை இருந்த இடத்திலிருந்து தூக்கி, பஸ் நிறுத்தும் வளைவுக்கு அருகே வைத்திருக்கிறார். அங்கே நிழல் இல்லை. மழைக்கு ஒதுங்க ஒன்றும் இல்லை. மலசலகூடத்துக்கு உள்ளே உள்ள வீடொன்றுக்குத்தான் போகவேண்டும். "அந்த வீட்டுப் புள்ள நல்லவள். ஆனா ஒரு நாளைக்கு எத்தின தரம் கேக்கிற?" கிழமைக் கடன் அறவிட வருபவர் மட்டும் புதிய இடத்தையும் உடனே கண்டுபிடித்துவிட்டாராம். சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

மண்முனைத் துறையில் சந்தித்த அம்மா என்னை அதிகம் யோசிக்க வைத்தார். படுவான்கரைக்குப் பாதை ஓடிய காலத்தில் துறையடியில் அப்பமும் தேநீரும் விற்றவர். பாதைக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள். 2014 ஏப்ரல் மாதம், இதுவும் ஜப்பானிய உதவியில், மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அன்றோடு காத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது. கடையும் போய்விட்டது.

"பாதை திரும்ப வந்தா நல்லம் எண்டு நினைக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார்.

"என்ன கதை புள்ள கதைக்கிற? ராவில வயித்து நோவு வந்து, பாதை அக்கரையில நிண்டு, விடியுமட்டும் மணலில கிடந்த பொம்புளையள நான் கண்டிருக்கன். பாலம் வேணும். ஆனா பாலம் கட்டக்குள்ள எங்கட கடைக்கும் ஒரு இடம் கேட்டிருக்கணும். நாங்க கேக்கல்ல. அவங்களும் நினைக்கல்ல."

பல நாள் கூட்டங்களில் அபிவிருத்தி, பங்கேற்பு என்று நாம் பேசுவதை அந்த அம்மா நாலு வசனத்தில் சொல்லிவிட்டார்.

ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1990க்குப் பின் பிட்டு வேறு, பூ வேறு என்றாகிவிட்டது. கீரை விற்கும் ஒரு வயதான அம்மா தன் கதையைச் சொன்னார். பிரச்சினைக்குப் பிறகு பல மாதம் அவர் எல்லை தாண்டவில்லை. வீட்டில் சோறில்லாத ஒரு காலையில், வருவது வரட்டும் என்று கீரைப் பெட்டியுடன் பழைய ஒழுங்கைக்குள் போனாராம். கதவைத் திறந்த ராத்தா அவரைக் கண்டதும் அழுதுவிட்டாராம். "கீரைக்குக் காசு தந்து, ஒரு கொத்து அரிசியும் தந்தா. அவட தம்பியும் அந்த வருசம்தான் மௌத்து. எனக்கு அது தெரியாது." சமாதானக் குழுக்கள் வந்தது பிறகுதான். முதலில் போனது ஒரு கீரைப் பெட்டி.

வடக்கே ஓட்டமாவடியைத் தாண்டி, காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று போகும்போது வீடுகள் குறைந்து பற்றைக்காடும் களப்பும் தெரியத் தொடங்கும். அங்கே கருவாடும், காலத்துக்கு ஏற்றபடி பாலைப்பழமும் தேனும் வைத்துக்கொண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றால் இந்த வழியில் ஆறுகளைப் பாதையில் கடக்கவேண்டி இருந்தது. இன்று பாலங்கள் உண்டு. வேன்கள் நேராகப் பறக்கின்றன. "நிக்கிறவங்க சாமான் வாங்கத்தான் வேணுமெண்டு இல்ல மிஸ். நிண்டு ஒரு கதை கேட்டாலும், நாங்க இங்க இரிக்கம் எண்டு தெரியும்தானே" என்றாள் ஒரு இளம்பெண்.

தூரத்தில் ஒரு வீதி

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் அமெரிக்காவின் 66ஆம் இலக்க வீதியைப் பற்றி வாசித்திருக்கிறேன். அந்த இளம்பெண் சொன்னதைக் கேட்டபோது அது நினைவுக்கு வந்தது. சிக்காகோ நகரிலிருந்து மேற்குக் கடற்கரைவரை ஏறக்குறைய 3,900 கிலோமீற்றர் செல்லும் வீதி அது. 1926இல் இலக்கம் இடப்பட்டது. இன்று உலகெங்கிலும் இருந்து சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் அதன் கதையும் எங்கள் கதையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

1930களில் வரட்சியும் புழுதிப்புயலும் வந்து ஒக்லஹோமா போன்ற மாநிலங்களின் விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். சட்டி பானை, மெத்தை, பிள்ளைகள் எல்லாவற்றையும் பழைய வாகனங்களில் ஏற்றிக்கொண்டு இவ்வீதியால் கலிபோர்னியாவுக்குப் போனார்கள். இடம்பெயர்ந்தவர்களை அங்கும் யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் மாநில எல்லைக்கே போய்ச் சாவடி போட்டு, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனைச்சாவடி!

கறுப்பின மக்களுக்கோ அவ்வீதியின் பல ஊர்களில் தங்க இடமில்லை, உண்ண இடமில்லை. இருட்டிய பின் நிற்கவே கூடாத ஊர்களும் இருந்தன. ஆகவே விக்டர் கிரீன் என்ற கறுப்பினத் தபாற்காரர், அவர்கள் அச்சமின்றித் தங்கக்கூடிய, உண்ணக்கூடிய இடங்களைத் திரட்டி 1936 முதல் ஒரு கைநூல் வெளியிட்டார். 1960களின் நடுப்பகுதிவரை அது வெளிவந்தது. என் அம்மாவின் மனதில் இருந்த புத்தகத்தை அங்கே ஒருவர் அச்சிட்டிருக்கிறார் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

இன்னொருவர் லூசில் ஹமன்ஸ். ஒக்லஹோமாவில் ஹைட்ரோ என்ற சிற்றூருக்கு அருகில், 1941 முதல் வீதியோரம் பெற்றோல் கடையும் சில தங்கும் அறைகளும் நடத்தியவர். கணவர் லொறி ஓட்டப் போய்விட, பிள்ளைகளையும் கடையையும் அவரே பார்த்தார். காசில்லாமல் வந்தவர்களுக்கும் உணவும் பெற்றோலும் கொடுத்தார். பின்னர் பெரிய அதிவேக வீதி வந்தது. வாகனங்கள் அவருடைய கடையைப் பார்க்காமலே போயின. சுற்றியிருந்த கடைகள் மூடப்பட்டன. 1985இல் 66ஆம் வீதியின் இலக்கமே நீக்கப்பட்டது. லூசில் மட்டும் 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய விடுதியின் பெயர்ப்பலகை இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தனித்து நின்றவர் லூசில். சேர்ந்து நின்றவர்களும் உண்டு. அரிசோனா மாநிலத்தில் செலிக்மன் என்ற சிற்றூரில் ஏஞ்சல் டெல்காடில்லோ என்ற முடிதிருத்துநர், கைவிடப்பட்ட வீதியோர ஊர்களின் மக்களைத் திரட்டி 1987இல் ஒரு சங்கம் அமைத்தார். தமது பழைய வீதியை வரலாற்று வீதியாக ஏற்கச் செய்தார்கள். வாகனங்கள் மீண்டும் நிற்கத் தொடங்கின.

நாம் என்ன கேட்கலாம்?

அமெரிக்காவைப்போல எங்கள் வீதியும் சுற்றுலாத் தலமாக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சோளன் பானையைப் படம் பிடிப்பவர்கள் வந்தால் மட்டும் அக்காவின் கடன் தீராது. ஒரு வீதி நல்ல வீதியா என்பதை அதில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை வைத்து மட்டும் அளக்கக்கூடாது என்பதே நான் சொல்ல வருவது. ஒரு பெண் அதில் அச்சமின்றி நிற்கலாமா? இருந்து விற்கலாமா? தண்ணீர் கேட்டுக் குடிக்கலாமா? யுத்த காலத்தில் பயத்தால் நிற்க முடியவில்லை. இப்போது வேகத்தால் யாரும் நிற்பதில்லை. காரணம் வேறு, ஆனால் வீதியோரம் இருப்பவளுக்கு இரண்டிலும் நட்டம்தான்.

மண்முனை அம்மா சொன்னதுபோல, கேட்காமல் ஒன்றும் வராது. தனியே ஒருத்தி கேட்டால் "வீதிக்குரிய நிலத்தில் கடை போடக்கூடாது" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடும். வீதியோரம் விற்கும் பத்துப் பெண்கள் சேர்ந்து, ஊரின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் பிரதேச சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். கேட்பவையும் பெரியவை அல்ல. வாகனம் ஒதுங்கி நிற்க ஒரு துண்டு இடம். வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கூரை. பெண்களுக்கு ஒரு மலசலகூடம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்விளக்கு. புதிய பாலமோ வீதியோ வருகிறது என்று கேள்விப்பட்டால் கல் நடும் முன்னரே கேட்கவேண்டும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து உள்ள எங்கள் வீதியில் இந்தக் கடிதத்தில் இரண்டு ஊர்ப் பெண்களும் கையெழுத்திட்டால் அதற்கு இன்னும் பலம் கூடும்.

ஒவ்வொரு வருடமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னர் பாதயாத்திரை அடியார்கள் இவ்வீதியால் வருவார்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று நடந்து, காட்டைக் கடந்து போவார்கள். யுத்தம் அந்த நடையையும் குலைத்தது. இப்போது மீண்டும் வருகிறார்கள். நரைத்த தலைப் பெண்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். ஊருக்கு ஊர் தாகசாந்தி வைத்திருப்பார்கள். யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. "இரிங்க, குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள்.

கடந்த ஆடியில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு தாகசாந்திப் பந்தலில் என் அம்மா நின்றிருந்தார். விடாய்த்தாலும் இறங்கித் தண்ணீர் கேட்காதே என்று எனக்குச் சொல்லித்தந்த அதே அம்மா, வீதிக்கு இறங்கி, கையில் மோர்க் குவளையோடு நடந்து வருபவர்களை மறித்துக்கொண்டிருந்தார்.